இடது காலால் ஆடச் சொன்ன வாத்தியார்

(மதுரையில் உடற்கல்வி ஆசிரியர்களும் கால்பந்து ஆர்வலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சையத் அப்துல் ரஹீமைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். 2024இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்த பிறகு அந்தப் பெயர் நம் ஊரிலும் கொஞ்சம் புழங்குகிறது. அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்தார். சிகரெட் புகைக்கிறார், இருமுகிறார், கடைசியில் இந்தியா ஜெயிக்கிறது. பார்க்காதவர்கள் பாருங்கள், நல்ல படம்தான். ஆனால் நான் தேடிப்போன ஆள் அந்தப் படத்தில் கொஞ்ச நேரம்கூட வரவில்லை. நான் தேடியது வாத்தியார் ரஹீமை. காலை மணி அடித்ததும் வகுப்புக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்த ரஹீமை. அவர் கால்பந்தில் செய்தது எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்பது என் கட்சி. அதைத்தான் இன்று வாதாடப் போகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பி.டி. வாத்தியார்கள் என்பதால் தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வரும் என்ற தைரியமும் இருக்கிறது.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சிக் காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். பல்கலைக்கழக அணியில் நல்ல ஆட்டக்காரர். நகர லீகில் லெவன் ஹண்டர்ஸ் என்ற அணிக்கு ஆடினார்; பின்னர் கமர் கிளப்புக்கும் ஆடினார். ஆட்டக்காரராக அவர் கதை அவ்வளவுதான். நாட்டுக்காக ஆடவில்லை. ஆடுவதற்கு நாட்டில் ஒழுங்கான ஓர் அமைப்பும் இல்லை. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே 1937இல்தான் உருவானது. அப்போது ரஹீமுக்கு இருபத்தெட்டு வயது. ஓர் ஆட்டக்காரரின் நல்ல வருஷங்கள் முடிகிற நேரம்.

படித்து முடித்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உர்தூ ஷெரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று அடுத்தடுத்து வேலை. நடுவில் உடற்கல்வியில் டிப்ளமா வாங்கிக்கொண்டு விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். உடற்கல்வியை ஒரு படிப்பாகவே மதிக்காத காலம் அது. நம் பக்கம் பார்த்தால், 1920இல் சென்னையில் ஹாரி பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். நாடு முழுக்க அப்படிப்பட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு மட்டும் என்ன? அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். திருப்பித் தருவதில்லை.

இங்கே ஒரு வெளிநாட்டுக்காரரையும் இழுத்துக்கொள்கிறேன். ரஹீமோடு சேர்த்து யோசிக்கத் தகுந்த ஆள். பெயர் ஜிம்மி ஹோகன். 1882இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில் பிறந்தவர். பர்ன்லி, ஃபுல்ஹம், போல்டன் அணிகளுக்கு ஆடினார். அவரும் மகா நட்சத்திரம் இல்லை. போல்டன் அணி ஒருமுறை ஹாலந்துக்குப் போய் டோர்ட்ரெக்ட் என்ற ஊர் அணியைப் பத்து கோல் போட்டுத் தோற்கடித்தது. ஜெயித்த களிப்பில் ஊர் திரும்பியவர்களுக்கு நடுவில் ஹோகனுக்கு மட்டும் வேறொரு எண்ணம்: இந்தப் பையன்களுக்குத் திரும்பி வந்து ஆடக் கற்றுத்தர வேண்டும். 1910இல் போனார். அங்கிருந்து வியன்னாவுக்கு. 1914இல் போர் மூண்டதும் எதிரி நாட்டுப் பிரஜை என்று ஆஸ்திரியாவில் பிடித்து வைத்தார்கள். பிறகு புடாபெஸ்டுக்குக் கொண்டுபோய் எம்.டி.கே. அணிக்குப் பயிற்சி தரவிட்டார்கள். போர்க் கைதியைப் போல இருந்துகொண்டே ஒரு தேசத்துக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். போர் முடிந்து இங்கிலாந்து திரும்பி, போரால் நலிந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஏதோ உதவித்தொகை தருகிறார்களாமே என்று கால்பந்துச் சங்கத்தின் வாசலில் போய் நின்றார். காசு கிடைக்கவில்லை. காக்கி நிறச் சாக்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். எதிரி நாட்டில் சுகமாக இருந்துவிட்டு வந்தவனுக்கு இது போதும் என்பது அதன் பொருள்.

1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியது. ஐரோப்பாக் கண்டத்து அணி ஒன்று இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்தது அதுவே முதல் முறை. இந்த ஆட்டத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹோகன் என்று ஹங்கேரிக்காரர்களே சொன்னார்கள். ஹோகன் அன்று ஆஸ்டன் வில்லா இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சாக்ஸை நினைவில் வையுங்கள். ரஹீமுக்கும் ஒரு பாக்கி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

இனி ஹைதராபாத்துக்குப் போவோம். ரஹீம் நகரக் காவல்துறை அணியைக் கையில் எடுத்தார். காவல்துறை அணி என்றால் கான்ஸ்டபிள்கள். பணக்கார கிளப் இல்லை. கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று யானைகள் உலாவிய காலத்தில், தக்காணத்துப் போலீஸ்காரர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள். டுராண்ட் கோப்பையை 1950, 1954, 1957, 1961 என்று நான்கு முறை. அதில் 1950 இறுதியாட்டம் மோகன் பகானோடு. முதல் நாள் சமன், மறு ஆட்டத்தில் வெற்றி. சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் அணி 1956, 1957 என்று இரண்டு தரம் அடுத்தடுத்து வென்றது. நம் மாநிலம் இன்றுவரை ஆண்கள் பிரிவில் அந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

எப்படிச் செய்தார்? இதுதான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய இடம். ரஹீம் உள்ளூரில் விசித்திரமான போட்டிகள் நடத்தினார். ஒரு போட்டியில் டிரிப்ளிங் கூடாது: பந்தைக் காலில் ஒட்டிவைத்துக்கொண்டு ஓடி வேடிக்கை காட்ட முடியாது, வந்ததும் தள்ளிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பலவீனமான காலால் மட்டும்தான் ஆட வேண்டும். வலது கால் பழக்கக்காரனுக்கு இடது கால், இடது கால்காரனுக்கு வலது கால். வயதுவாரியாகச் சிறுவர்களுக்குத் தனிப் போட்டிகள்.

இதை அந்தக் காலத்துச் சூழலில் வைத்துப் பாருங்கள். பயிற்சி என்றால் ஓடவிடுவது, தண்டால் எடுக்கவைப்பது, பிறகு இரண்டாகப் பிரித்து ஆடவிடுவது. சிறந்த ஆட்டக்காரன் யார் என்றால் நான்கு பேரை ஏமாற்றிவிட்டுப் போகிறவன். கைதட்டலும் அவனுக்குத்தான். ரஹீம் அந்தக் கைதட்டல் வாங்குகிற வித்தையையே பறிமுதல் செய்தார். உனக்கு நன்றாக வருவது எதுவோ அதை இன்றைக்குத் தொடாதே என்றார். எந்த ஆட்டக்காரருக்கும் இப்படி யோசிக்க வராது. அவர்களுக்குத் தெரிந்தது தங்களுக்கு நன்றாக வந்ததைச் செய்து காட்டுவதுதான். வாத்தியாருக்குத்தான் இது தோன்றும். நாற்பது பையன்கள் உள்ள வகுப்பில், தெரிந்த கேள்விக்கே கை தூக்குகிறவனை உட்காரச் சொல்லிவிட்டு, தெரியாத கேள்வியைக் கேட்பவர் அவர்.

இதில் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஹைதராபாத் மைதானங்கள் சரளைக்கல் மைதானங்கள். நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும், சித்திரை மாதத்தில் வெடித்துக் கிடக்கும் திருமங்கலம் கரிசலும் அப்படித்தான். பந்து எங்கே விழுந்து எங்கே எகிறும் என்று பந்துக்கே தெரியாது. அந்தத் தரையில் காலில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தால் பந்து கைமாறிவிடும். சட்டென்று தள்ளிவிட்டு ஓடுகிற ஆட்டம் அங்கே தேவையாக இருந்தது. கல்கத்தாவின் மழைச்சேற்றில் அதே ஆட்டம் வேலை செய்தது, மெல்போர்னின் புல்லிலும் செய்தது.

ரஹீம் 1950இல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். அந்த வருஷம்தான் பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியா போகாமல் விட்டது. வெறுங்காலோடு ஆட அனுமதிக்கவில்லை என்பதால் போகவில்லை என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது கட்டுக்கதை. கூட்டமைப்புக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பை தெரியவில்லை. நீண்ட கப்பல் பயணம், பயிற்சிக்கு நேரமில்லை என்று காரணம் காட்டினார்கள். வந்த லட்சுமியை வாசலிலேயே அனுப்பிவிட்டு, பழியைக் கால் செருப்பின் மேல் போட்ட கதை.

1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தோனேசியாவை மூன்று கோல், ஆப்கானிஸ்தானை மூன்று கோல். இறுதியில் ஈரானை மேவாலால் அடித்த ஒரே கோலில் வென்று தங்கம். ஊரே கொண்டாடியது. அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக். ஜூலை மாதத்திலும் நமக்குக் குளிர்கிற ஊர். நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்கால். எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10-1. நமது ஒரு கோல் அகமது கான் போட்டது.

பத்து கோல் வாங்கிய பயிற்சியாளரை நாம் என்ன செய்வோம்? கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் ரஹீமுக்கு ஹெல்சிங்கி தோல்வி மட்டும் இல்லை. அதே போட்டியில் அதே யூகோஸ்லாவியாவை இறுதியில் 2-0 என்று வென்று தங்கம் வாங்கியது ஹங்கேரி. அதாவது ஹோகனின் பேரப்பிள்ளைகள். நம்மைப் பிய்த்துப் போட்டவர்களை எப்படி அடக்க முடியும் என்பதற்கு விடையும் அதே ஊரில் கிடைத்தது. ஹெல்சிங்கிக்குப் பிறகு கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. 1950களில் ரஹீம் ஆட்ட அமைப்பை மாற்றினார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் புகழ்பெறச் செய்த 4-2-4 அமைப்பை ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இங்கே ஆடிப் பார்த்தவர் அவர்.

1956 மெல்போர்ன். முதல் சுற்றில் நமக்கு விழுந்த எதிரணி ஹங்கேரி. சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்த நேரம். அவர்கள் ஆட வரவில்லை. அடுத்து, போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஆசியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக். நான்காவதைப் போட்டவர் கிட்டு என்று எல்லாரும் கூப்பிட்ட கிருஷ்ணசாமி. 4-2. ஆசிய அணி ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போனது அதுவே முதல் முறை. அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. இடைவேளை வரை கோல் இல்லை. அதன் பிறகு முதல் கோலை நாம்தான் போட்டோம். கடைசியில் 4-1 என்று தோற்றோம் என்பது உண்மை. நாலு வருஷத்துக்கு முன்னால் பத்து கோல் போட்டவர்கள் அன்று பின்தங்கி நின்றார்கள் என்பதும் உண்மை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம்.

அந்த மெல்போர்ன் அணியில் இருபது வயதை ஒட்டிய ஒரு பையன் இருந்தான், துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2023இல்தான் காலமானார். ரஹீம் அவரைப் பார்த்துப் பயிற்சிக்கு வரச் சொன்னாராம். செகந்திராபாத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்துபோகக் கையில் காசில்லை என்றிருக்கிறார் பையன். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வா என்று ரஹீம் தினமும் ஒரு ரூபாய் கொடுத்திருக்கிறார். பலராமே பிற்காலத்தில் நினைவுகூர்ந்த விஷயம் இது. அந்தக் காலத்து ஒரு ரூபாய். ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்திலிருந்து. கொடுத்தது வீண் போகவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நமது கோலைப் போட்டவர் பலராம். அந்தப் போட்டியில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம், பி.கே. பானர்ஜியின் கோல். அதன் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை.

இப்போது ஜகார்த்தா, 1962. இதற்குள் ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டார்கள். ஜர்னைல் நமது தடுப்பாட்டத்தின் சுவர். தையல் போட்ட தலையோடு தடுப்பில் நின்று பந்தை முட்ட முடியுமா? வேறு யாராக இருந்தாலும் உட்காரவைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். பின்னால் அருண் கோஷ் காவல். ஜர்னைல் இளமையில் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவர் நினைவில் இருந்தது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதியாட்டம் செப்டம்பர் 4. எதிரணி அதே தென் கொரியா. செனயன் மைதானத்தில் ஒரு லட்சம் பேர், அத்தனை பேரும் நமக்கு எதிராக. காரணம் கால்பந்து இல்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்திருந்தது. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்று இந்தியாவின் ஜி.டி. சோந்தி பேச, ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. நம் அணிக்கு அன்று கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி மட்டும்தான் என்று ஆடியவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள்.

ரஹீம் இன்னொரு மாற்றமும் செய்தார். அதுவரை கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதில் பீட்டர் தங்கராஜை நிறுத்தினார். தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர், ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் வளர்ந்தவர். முன்வரிசையில் ஆட வந்தவரை அங்கேதான் கோல் கீப்பராக்கினார்கள். நல்ல உயரம், உயரே தூக்கி அடித்துத் தலையால் முட்டுகிற கொரியர்களுக்கு அந்த உயரம் தேவைப்பட்டது. 17ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி, 20ஆவது நிமிஷம் ஜர்னைல். கொரியா ஒன்றைத் திருப்ப எண்பத்தைந்தாவது நிமிஷம் ஆகிவிட்டது. 2-1. அந்த அணிப் பட்டியலில் எதிராஜ், அருமைநாயகம் என்ற பெயர்களும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, ஐரோப்பிய கிளப்பின் மாற்று கோல் கீப்பர் பெயர் தெரியும். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, நாம் சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்.

1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். ஐம்பத்து மூன்று வயது.

ஆண்கள் கால்பந்தில் இந்தியா அதன் பின் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கவில்லை. ரஹீமோடு எல்லாம் போயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அவரிடம் ஆடியவர்கள் பலர் பயிற்சியாளர்களானார்கள். பி.கே. பானர்ஜி கல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளையும் மாறி மாறிக் கட்டியெழுப்பினார். தங்கராஜ் பொகாரோ உருக்காலைக்குப் போய்ப் பயிற்சி தந்தார். ரோம் அணியில் இருந்த சைமன் சுந்தர்ராஜ்தான் 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பை வென்றபோது அதன் பயிற்சியாளர். அதற்குப் பிறகு கேரளத்தில் கால்பந்துக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டாம். கம்பம் மலையேறி இறங்கினால் நீங்களே பார்க்கலாம். போனது வேறு. பள்ளிக்கூடப் பையன்களுக்குப் போட்டி நடத்திக்கொண்டே தேசிய அணியையும் பார்த்துக்கொள்கிற ஆள், அந்த மாதிரி ஒரு பதவி, அது இல்லாமல் போயிற்று. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது என்றாகிவிட்டது.

ஹோகனின் சாக்ஸ் பற்றிச் சொன்னேன் அல்லவா? ரஹீமுக்குள்ள பாக்கி இதோ. அர்ஜுனா விருது 1961இல் தொடங்கியது. அந்த ஆண்டு கால்பந்தில் பி.கே. பானர்ஜி. 1962 பலராம். 1963 சுனி கோஸ்வாமி. 1964 ஜர்னைல் சிங். 1965 அருண் கோஷ். 1966 யூசுப் கான். 1967 தங்கராஜ். வரிசையாக ஏழு வருஷம், ஏழு பேரும் ஜகார்த்தா அணி. ஏழு அர்ஜுனர்களை வரிசையில் நிறுத்திய துரோணருக்குத் துரோணாச்சாரியா விருது கிடையாது; அந்த விருதையே 1985இல்தான் தொடங்கினார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். மதுரை வட்டாரத்தைச் சேர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். இவையெல்லாம் யாரோ ஒரு பி.டி. டீச்சர், சுடிதாரோடு ஓடிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, நாளைக்குப் பந்து விளையாட வா என்று சொன்னதிலிருந்து தொடங்கியிருக்கும். வெயிலில் கருத்துப்போகும் என்று சொன்ன பெற்றோரிடம் போய்ப் பேசியதும் அவராகத்தான் இருக்கும். ரஹீமின் ஒரு ரூபாய் இன்றைக்கு பஸ் டிக்கெட்டாகவும், இரண்டு வாழைப்பழமாகவும் வேறு பெயரில் தொடர்கிறது. உங்களில் சிலர் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். ரேஸ்கோர்ஸ் மைதானம் கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் ஏதாவது பள்ளி மைதானத்தில், எட்டாம் வகுப்புக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பலவீனக் கால் போட்டி வையுங்கள். ஏழு பேர் அணி போதும், பத்துப் பத்து நிமிஷம் போதும். பழகிய காலால் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். முதல் ஆட்டத்தில் நடுவருக்கு விசில் ஊதி மாளாது. பெற்றோர் சிரிப்பார்கள், நன்றாக ஆடுகிற பையன்தான் அதிகமாகக் கோபப்படுவான். அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஏன் கோபம் வருகிறது என்று கேளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.